தாய்மொழி என்னும் வியாதி

என் தமக்கை மகள் கோவில்பட்டியில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவள். சென்ற மாதம் சென்னைக்கு வந்து, என் வீட்டில் தங்கி, அயல்நாட்டு வாடிக்கைக்காரர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் ஒரு கம்பெனியில் வேலை கேட்கப் போனாள். கணக்குப் பரீட்சையில் தேறினாள். எழுத்துப் பரீட்சையிலும் தேறினாள். மூன்றாவது, பேச்சுப் பரீட்சை. சாயங்காலம் வீடு திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே, “மாமா, எனக்கு எம்.டி.ஐ. இருக்காம்” என்றாள்.

நான் பதறிப் போனேன். நாற்பதைத் தாண்டினவனுக்கு மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களைச் சேர்த்துச் சொன்னாலே டாக்டர் ஞாபகம்தான் வரும். ரத்தப் பரிசோதனையில் ஏதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, “உட்காரம்மா, முதலில் உட்கார்” என்றேன். அவள் உட்கார்ந்து விளக்கினாள். ‘மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ்’ என்பதன் சுருக்கமாம் அது. தாய்மொழியின் பாதிப்பு. இந்தத் தொழிலில் எல்லோரும் சர்வ சாதாரணமாக வழங்கும் சொல். ஆளைத் தேர்ந்தெடுக்கும் காகிதத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறதாம். இவள் காகிதத்தில் அந்தக் கட்டத்தில் ‘கடுமை’ என்று குறித்திருந்தார்களாம். இருமல் கடுமை, காய்ச்சல் கடுமை என்று எழுதுவது போல.

“எந்த வார்த்தையில் அகப்பட்டுக்கொண்டாய்?”

“வாட்டர்.”

“பேஷ்! இங்கே பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரிந்த வார்த்தையாயிற்றே!” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் வந்தார். கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், நல்ல ரசிகர். விஷயத்தைச் சொன்னதும் அவர் என் மருமகளிடம் அனுதாபம் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “அவர்கள் செய்தது நியாயம்தான் ஸார். பாஷை என்றால் ஒரு சுத்தம் வேண்டாமா? அந்தக் காலத்து லண்டன் ரேடியோவைக் கேட்டிருக்கிறீர்களா? முத்து முத்தாக விழும். இப்போது அதுவே குட்டிச்சுவராகப் போய்விட்டது. ஸ்காட்லாந்துக்காரன் செய்தி வாசிக்கிறான். யார்க்ஷயர்க்காரி மழை வருமா என்று சொல்லுகிறாள். ஊர்க்கொச்சையெல்லாம் சபைக்கு வந்துவிட்டது” என்று பெருமூச்சு விட்டார்.

அவருக்கு அன்றைக்குக் காபிதான் கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. இதுதான் பதில். அவர் ஒருவருக்காக இத்தனை காகிதத்தை நான் வீணாக்கமாட்டேன். நம்மில் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவர் கட்சிதான். அந்தக் கட்சியில் நானும் ஒரு காலத்தில் சந்தா கட்டியிருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் இந்தச் சுத்தமான இங்கிலீஷ் எங்கே கிடைக்கிறது என்று பார்ப்போம். ‘வாட்டர்’ என்ற அதே வார்த்தையைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படலாம். லண்டனில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்த கனவானிடம் நீட்டினால் அவர் ‘வோட்ட’ என்று, கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதே லண்டனின் கிழக்குப் பகுதியில் பிறந்த காக்னித் தொழிலாளி நடுவில் இருக்கும் ட்டன்னாவையும் சேர்த்து விழுங்கிவிட்டு, தொண்டையில் ஒரு சின்ன அடைப்போடு நிறுத்திக்கொள்வார். ஸ்காட்லாந்துக்குப் போனால் கடைசி ரகரம் கணீரென்று ஒலிக்கும். அட்லாண்டிக்கைத் தாண்டினால் அமெரிக்கர் ‘வாடர்’ என்பார், நாம் ‘வாடா’ என்கிறோமே, ஏறக்குறைய அந்த டகரம்! இத்தனை பேரும் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். ஒருவருடைய தாகமும் தீராமல் போனதாகத் தகவல் இல்லை.

என் நண்பர் போற்றுகிற அந்த முத்து முத்தான உச்சரிப்பை இங்கிலாந்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள்? பீட்டர் டிரட்ஜில் என்ற மொழியியலாளர் 1970-களில் மதிப்பிட்டுச் சொன்ன கணக்கு, நூற்றுக்கு மூன்று பேர். மூன்றே மூன்று! மீதித் தொண்ணூற்றேழு பேர் தங்கள் ஊர் வாசனையோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று பேரின் பேச்சு மற்றவர்களுடையதைவிடத் தெளிவானது என்று எந்தத் தராசிலும் நிறுத்துப் பார்த்து யாரும் சொல்லவில்லை. அவர்கள் படித்த பள்ளிக்கூடத்தின் சம்பளம் அதிகம், அவ்வளவுதான்.

ரகரத்தின் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ‘கார்ட்’ (வண்டி), ‘ஃபார்’ (தூரம்) போன்ற சொற்களில் ரகரத்தை லண்டனில் மரியாதைப்பட்டவர்கள் உச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதை விழுங்குவது அப்போது கீழ்த்தரம் என்று இலக்கணக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு பெரிய மனிதர்களும் விழுங்க ஆரம்பித்தார்கள். உடனே விழுங்குவது நாகரிகமாகிவிட்டது, உச்சரிப்பது பட்டிக்காடு ஆகிவிட்டது. சரி, இங்கிலாந்தின் சமாசாரம் அப்படி. அமெரிக்காவில்? 1962-ல் வில்லியம் லபோவ் என்ற ஆராய்ச்சியாளர் நியூயார்க் நகரத்தில் மூன்று துணிக்கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர்கள் போகிற கடை, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவுக் கடை. ஒவ்வொன்றிலும் நாலாவது மாடியில் இருக்கிற சாமானாகப் பார்த்து, அது எங்கே இருக்கிறது என்று கடைச் சிப்பந்திகளைக் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று அவர்கள் சொல்ல வேண்டும். ரகரம் வருகிறதா இல்லையா என்று இவர் குறித்துக்கொள்ள வேண்டும். பணக்காரக் கடையில் ரகரம் அதிகம் வந்தது. நடுத்தரக் கடையில் அதைவிடக் குறைவு. மலிவுக் கடையில் மிகவும் சொற்பம். லண்டனில் எந்த ரகரத்தை விட்டால் கனவானோ, அதே ரகரத்தை நியூயார்க்கில் விட்டால் ஏழை! ரகரம் என்ன பாவம் செய்தது? அது இரண்டு ஊரிலும் ஒரே ரகரம்தான். யார் வாயில் இருக்கிறது என்று பார்த்து மரியாதை கொடுக்கிறார்கள், எடுக்கிறார்கள்.

நம்மவர்கள் ‘கார்’ என்று சொல்லும்போது ரகரத்தை விடுவதில்லை. அந்த மட்டில் நாம் ஸ்காட்லாந்துக்காரருக்கும் ஐரிஷ்காரருக்கும் அமெரிக்கருக்கும் பந்தி பாகஸ்தர்கள். இதைச் சொன்னால் என் நண்பருக்குக் கோபம் வரும்.

பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தை அவர் வகுப்பில் பல வருஷம் பாடம் நடத்தியவர். 1913-ல் வியன்னாவிலும் மறுவருஷம் லண்டனிலும் மேடையேறிய நாடகம். பூ விற்கும் எலைஸா என்ற ஏழைப் பெண்ணுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்துச் சீமாட்டியாக்குகிறார் ஒரு பேராசிரியர். நண்பரும் அவரைப் போன்றவர்களும் இதை உச்சரிப்பின் மகிமையைச் சொல்லும் கதை என்று நம்புகிறார்கள். ஷா கிண்டல் செய்ததை உபதேசம் என்று எடுத்துக்கொண்டால் அவர் என்ன செய்வார், பாவம்! முதல் தடவை பெரிய வீட்டுக்குப் போகிற எலைஸா, அப்பழுக்கில்லாத உச்சரிப்பில் தன் சேரிக் கதையை, அத்தை செத்துப்போன மர்மத்தை விவரிக்கிறாள். கூடியிருந்தவர்கள் அதைப் புது நாகரிகப் பேச்சு என்று நினைத்துக்கொள்ளுகிறார்கள். 1938-ல் நாடகம் சினிமாவானபோது சேர்ந்த காட்சி இன்னும் பிரமாதம். விருந்தில் எலைஸாவைப் பரிசோதிக்கும் நிபுணர் ஒருவர், இவள் இங்கிலீஷ்காரியாக இருக்கவே முடியாது, ஹங்கேரி நாட்டு ராஜகுமாரி என்று தீர்ப்புச் சொல்லுகிறார். காரணம், இவ்வளவு திருத்தமாக இங்கிலீஷ் பேசுகிறவர்கள் அதைப் படித்துக்கொண்ட அந்நியர்கள்தானாம்! என் நண்பர் தம்மைப் பற்றிய தீர்ப்பை ஷா எழுதி வைத்திருப்பதை அறியாமலே ஓய்வு பெற்றுவிட்டார்.

லண்டன் ரேடியோவின் முத்துக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிவிப்பாளர்கள் எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று சொல்ல பி.பி.சி. 1926-ல் ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. 1930-ல் அதன் தலைவரான கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் காலமானதும் அந்த ஸ்தானத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? இதே ஷாதான். டப்ளினில் பிறந்து, சாகிற வரையில் டப்ளின் வாசனை நாக்கை விட்டுப் போகாதவர்! யுத்த காலத்தில், 1941-ல், யார்க்ஷயர் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரரான வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்பவரைச் செய்தி வாசிக்க வைத்தார்கள். அவர் வடக்கத்திப் பாணியில் வாசித்து, முடிவில் ‘குட் நீட்’ என்று தம் ஊர்ப் பேச்சில் விடைபெற்றார். வந்தது ஆட்சேபம்! இந்தக் குரலில் வந்தால் செய்தியை நம்ப முடியவில்லை என்றுகூடச் சிலர் சொன்னார்களாம். குண்டு விழுந்தது உண்மை, விழுந்த இடம் உண்மை, ஆனால் அதைச் சொல்லுகிறவன் ஹாலிஃபாக்ஸ்காரன் என்பதால் சந்தேகம். மனிதர்களின் காது எங்கே இருக்கிறது, பாருங்கள்.

அந்த நாட்டு ராணியம்மாளாவது கடைசி வரையில் சுத்தமாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. எலிசபெத் ராணி வருஷந்தோறும் கிறிஸ்துமஸ் அன்று பேசிய பேச்சுக்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார்கள். 1950-களில் இருந்த அவருடைய உயிரெழுத்துக்கள் 1980-களில் இல்லை. தெற்கு இங்கிலாந்தின் சாதாரண ஜனங்களுடைய உச்சரிப்பின் பக்கமாக நகர்ந்து வந்துவிட்டன. அவரைக் கூப்பிட்டு, ‘பிரஜைகளின் பாதிப்பு: லேசு’ என்று எந்தக் காகிதத்திலும் யாரும் எழுதவில்லை.

கொச்சை, கொச்சை என்கிறார்களே, அதன் வயதையும் விசாரிக்க வேண்டும். ‘ஆஸ்க்’ என்பதை ‘ஆக்ஸ்’ என்று சொன்னால் இன்று அமெரிக்காவில் கறுப்பர்களின் கொச்சை என்று இளப்பம் செய்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பழைய இங்கிலீஷில் இரண்டு வடிவமும் உண்டு. சாஸர் எழுதியிருக்கிறார், 1535-ல் அச்சான கவர்டேலின் பைபிளிலும் அது இருக்கிறது. வேதத்தில் இருந்தது வீதிக்கு வந்ததும் தீட்டாகிவிட்டது. ‘எய்ன்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் வெப்ஸ்டரின் மூன்றாவது பேரகராதி அதைக் கண்டிக்க வேண்டிய அளவுக்குக் கண்டிக்கவில்லை என்று அமெரிக்கப் பத்திரிகைகள் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தன. ஆனால் துப்பறியும் கதை படிக்கிறவர்களுக்குத் தெரியும்: டோரதி ஸேயர்ஸ் படைத்த லார்டு பீட்டர் விம்ஸி, கோமகன் வீட்டுப் பிள்ளை, வாய்க்கு வாய் ‘எய்ன்ட்’ என்கிறான், சொல்லின் கடைசிக் ககரத்தையும் விட்டுவிடுகிறான். பிரபுவும் பேசினான், மூட்டை தூக்குகிறவனும் பேசினான். நடுவில் இருக்கிற நம்மைப் போன்ற மத்தியதர ஜாதிதான் இருவருக்கும் பயந்து இலக்கணப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறது!

இன்னொன்று. சில சமயம் ஊர்ப்பேச்சு பாஷையைக் கெடுப்பதில்லை. புத்தக பாஷை கைதவறிப் போட்டுவிட்டதை எடுத்துப் பத்திரப்படுத்தி வைக்கிறது. ‘யூ’ என்பது ஆதியில் பன்மை. ஒருமைக்கு ‘தௌ’ என்று தனிச் சொல் இருந்தது. அது பொது வழக்கிலிருந்து கழிந்து போன பிறகு, நாட்டுப்புற யார்க்ஷயர்க்காரர் ‘தா’ என்று அதை வைத்துக்கொண்டிருந்தார்கள். அயர்லாந்திலும் லிவர்பூலிலும் பன்மைக்கு ‘யூஸ்’ என்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். அமெரிக்காவின் தென் மாகாணங்களில் ‘யா’ல்’ என்கிறார்கள். நீ, நீர், நீங்கள் என்று மூன்றுக்கும் பேதம் தெரிந்த தமிழனுக்கு இதன் அருமை உடனே புரியும். ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறாயா, அதில் ஒருவனைப் பார்த்துப் பேசுகிறாயா என்று தெரியாத பாஷை சுத்தமாம். தெரிகிற பாஷை கொச்சையாம்!

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி ஆத்திரம் உண்டு. ‘உதரிங் ஹைட்ஸ்’ நாவலில் ஜோஸஃப் என்ற கிழட்டு வேலைக்காரன் வருகிறான். யார்க்ஷயர் மூர் நிலத்தின் காற்றே அவன் வாயால் பேசுகிறது. எமிலி பிராண்டி 1847-ல் அதை அப்படியே காதால் கேட்டு எழுதி வைத்தாள். மறுவருஷமே இறந்தும் போனாள். 1850-ல் புதுப் பதிப்புக் கொண்டுவந்த தமக்கை சார்லட், தெற்கத்தி வாசகர்களுக்கு விளங்காது என்று ஜோஸஃபின் பேச்சைத் திருத்தி மழுப்பினாள். தங்கையிடம் கொண்ட பாசத்தால்தான் செய்தாள், எனக்குத் தெரியும். ஆனாலும் செத்துப்போனவள் கேட்ட குரலை உயிரோடிருப்பவள் கழுத்தை நெரித்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. டி. எச். லாரன்ஸின் ‘ஸன்ஸ் அண்ட் லவர்ஸ்’ 1913-ல் வந்தது. சுரங்கத்தில் உழைக்கும் தகப்பன் ஊர்ப்பேச்சுப் பேசுகிறான். தாய் திருத்தமாகப் பேசுகிறாள். பிள்ளைகள் தாயின் பக்கம். தன் வீட்டிலேயே தன் பேச்சால் அந்நியனாகிப் போகிற அந்தத் தகப்பனை நான் முதலில் படித்தபோது அவன்மேல் எனக்கு அனுதாபமே உண்டாகவில்லை. ஏன் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் தகப்பனார் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். வடக்கே இருக்கும் வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதியே பாஷையைப் படித்துக்கொண்டவர். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், சம்பளம் கட்டத் தவணை கேட்பதற்காக வந்தார். பிரின்ஸிபாலின் அறை வாசலில் நின்று, ‘யெக்ஸாம்’ என்றும், ‘வொன்லி ஒன் மந்த் ஸார்’ என்றும் பேசினார். உள்ளே இருந்தவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது, தவணையும் கொடுத்தார். வராந்தாவில் நின்ற என் சிநேகிதர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “யாருடா அது?” என்று ஒருவன் கேட்டான். “எங்கள் ஊர்க்காரர்” என்றேன்.

பொய்யில்லைதான். ஊர்க்காரர்தான்.

அவர் காதில் அது விழுந்ததோ இல்லையோ, நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது வழக்கம்போல், “பணம் பத்திரம்” என்று மட்டும் சொன்னார். இப்போது அவர் இல்லை.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் கரிசல் காட்டுப் பேச்சில் கதை எழுதுகிறேன். விமர்சகர்கள் ‘மண் வாசனை’ என்று மெச்சுகிறார்கள். கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டாரத்துச் சொற்களைத் தொகுத்து அகராதியாகவே போட்டார். அதைக் கொண்டாடாத ரசிகர் இல்லை. என் பேராசிரிய நண்பர் வீட்டு அலமாரியிலும் அது இருக்கிறது. ஆனால் அதே மண் அதே நாக்கில் ஒட்டிக்கொண்டு இங்கிலீஷுக்குள் வந்தால் மட்டும் வாசனை போய், பாதிப்பு ஆகிவிடுகிறது. கட்டம் போட்டு ‘கடுமை’ என்று எழுதுகிறோம்.

எதிர்க்கட்சி சொல்வதில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. அதை நான் மறைக்கவில்லை. பேசுவது எதிராளிக்கு விளங்க வேண்டும். விளங்காவிட்டால் வியாபாரம் நடக்காது. பள்ளிக்கூடத்தில் பொதுவான எழுத்து பாஷையைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்; குழந்தைகளுக்கு ‘எய்ன்ட்’ பாடம் நடத்துங்கள் என்று நான் கிளம்பவில்லை. ஆகையால் என் மருமகளைக் கேட்டேன்: “நீ பேசினது அங்கே யாருக்காவது விளங்கவில்லையா?” “இல்லையே மாமா. அந்தம்மா நல்லாத்தான் பதில் சொன்னாங்க. அவங்களும் நம்ம பக்கந்தான் போல, போன்ல அவங்க வீட்டுக்குப் பேசும்போது நம்மளை மாதிரியேதான் பேசினாங்க” என்றாள். விளங்கியது, ஆனால் கூடாது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நண்பரே சொல்லட்டும்.

நாக்கை முழுவதும் மாற்றிவிட முடியும் என்று நினைக்கிறவர்களுக்கு மார்கரெட் தாட்சரின் சங்கதி ஒன்று. லிங்கன்ஷயரில் கிரந்தம் என்ற சிற்றூரில் மளிகைக் கடைக்காரர் மகளாகப் பிறந்தவர். பேச்சுப் பயிற்சி எடுத்துக்கொண்டு ஊர்ச் சாயலை வேரோடு களைந்தவர் என்று பெயர். அவருடைய அரசியல் எனக்குப் பிடிக்காது. அது வேறு விஷயம். 1983-ல் பார்லிமெண்டில் பிரதம மந்திரியாக நின்று எதிர்க்கட்சியோடு வாதாடும்போது கோபம் தலைக்கேறி, பயந்துவிட்டாய் என்பதற்கு ‘ஃப்ரிட்’ என்று சொல்லிவிட்டார். சபை திகைத்தது. அது கிரந்தத்துக் கடைத்தெருச் சொல்! அத்தனை வருஷப் பயிற்சிக்கும் அடியில் அது உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப் போயிற்று.

என் மருமகள் இப்போது பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். நான் தடுக்கவில்லை. தடுக்க நான் யார்? வேலை வேண்டும், சம்பளம் என் கட்டுரையிலிருந்து வராது. அமெரிக்க வாடிக்கைக்காரர்களுக்காக ‘வாடர்’ என்று டகரத்தை மெலிதாக்கிச் சொல்லப் பழக்குகிறார்களாம். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு இருட்டில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாடர், வாடர், வாடர்.

நேற்றுக் கூடத்தில் படுத்திருந்த என் தாயார் எழுந்து உட்கார்ந்தாள். வயது எண்பதுக்கு மேல். சுவரைப் பிடித்துக்கொண்டே சமையற்கட்டுக்குப் போய், ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து பேத்தியின் தலைமாட்டில் வைத்தாள்.

“ஏட்டி, தண்ணி தவிச்சா எந்திரிச்சு வந்து குடிக்க வேண்டியதுதான? எவ்வளவு நேரமா வாட்டரு வாட்டருன்னு கெடந்து பெனாத்துத!” என்றாள்.